புதன்கிழமை மாத்திரையும் அக்காவின் இதயமும்

அக்காவைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவள் விரல்களைத்தான் பார்ப்பார்கள். "இப்ப வீக்கம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார்கள். முடக்குவாதம் வந்து பல வருஷம் ஆகிவிட்டதால் அவளும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறாள்: "அதுவும் இருக்கு, நானும் இருக்கேன்."

இதயத்தைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. பழைய டாக்டர் ஊர் மாறிப் போய்விட, புதிதாகப் பார்க்க ஆரம்பித்த மூட்டுவாத மருத்துவர்தான் முதலில் கேட்டார். பிரஷர் பார்த்தார். இடுப்புச் சுற்றளவை எடுக்கச் சொன்னார். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா என்றார். போகும்போது சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அக்கா ஆரம்பித்துவிட்டாள்: "மூட்டு வலின்னு போனா கொழுப்பு டெஸ்ட் எழுதுறாரு. லேபுக்கும் அவருக்கும் ஏதோ ஏற்பாடு இருக்குடீ."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவர் இல்லை, மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவள். ஆனால் படிக்கப் படிக்க, அந்த மருத்துவர் எழுதிய சீட்டைவிட, இத்தனை வருஷமாக யாரும் அப்படி ஒரு சீட்டை எழுதாமல் விட்டதுதான் ஆச்சரியமாகத் தோன்றியது. இன்னொன்றும் உறைத்தது. நம் வீடுகளில் எந்த மாத்திரையைக் கண்டு பயப்படுகிறோமோ அது பெரும்பாலும் இதயத்துக்கு நல்லது செய்கிறது. எதைக் கேள்வி கேட்காமல் விழுங்குகிறோமோ அது கெடுதல் செய்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு, சுற்றிவளைத்து அங்கே வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வயதானபின் முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்து வரும் வலி ஒரு நோய். சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து, இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும் ருமாட்டிக் காய்ச்சல் இன்னொரு நோய். அதற்காக மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் உங்கள் உறவிலேயே இருக்கலாம். அக்காவுக்கு இருப்பது மூன்றாவது, ருமடாய்டு ஆர்த்ரைடிஸ். முடக்குவாதம் என்று புத்தகத்திலும், சரவாங்கி என்று பாட்டிகள் வாயிலும் வருவது. உடலின் எதிர்ப்பாற்றல் சொந்த மூட்டுகளின் உள்சவ்வையே தாக்குகிறது. நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது கிடைத்த எண் இது. நெதர்லாந்தில் ஒரு ஆய்வுக்குழு முடக்குவாதக்காரர்களையும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இருவருக்கும் ஆபத்து கிட்டத்தட்ட ஒரே அளவு. இதை வாசித்ததும் எனக்கு அத்தான் ஞாபகம்தான் வந்தது. அவருக்குச் சர்க்கரை. வருஷம் தவறாமல் ஈ.சி.ஜி., கொழுப்புப் பரிசோதனை, கண், கால் என்று எல்லாம் பார்த்துவிடுகிறார்கள். அதே வீட்டில், அதே அளவு ஆபத்தோடு இருக்கும் அக்காவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் விரலுக்காக.

நம் ஊர்க்காரர்களுக்கு இது கூடுதல் கவலை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்குக் கிட்டத்தட்ட 59. ஏற்கெனவே ஆறு வருஷம் முந்திக்கொண்டு நிற்கிறோம், அதற்கு மேல் முடக்குவாதமும் சேர்கிறது.

சரி, கையில் இருக்கிற நோய் நெஞ்சுக்கு எப்படிப் போகிறது? விலங்கியல் டீச்சரிடம் இதைக் கேட்டால் தப்பிக்க முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரத்தக்குழாயின் உட்புறம் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் விரிந்திருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். ஆனால் அது வெறும் உறை இல்லை, நாள் முழுக்க வேலை செய்கிற உறுப்பு. நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது, வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டாமல் வழுக்கிப் போகச் செய்கிறது, தேவையில்லாத இடத்தில் இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வுக்குள் டி.என்.எஃப்., இன்டர்லியூகின்-6 போன்ற புரதங்கள் அளவுக்கு மீறி உற்பத்தியாகின்றன. மூட்டில் பிறந்தாலும் அவை மூட்டிலேயே தங்குவதில்லை, இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் சுற்றுகின்றன. கல்லீரலுக்குப் போய், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதத்தைச் சுரக்கவைக்கின்றன (ரிப்போர்ட்டில் டாக்டர் முதலில் விரல் வைத்துப் பார்ப்பாரே, அதுதான்). எண்டோதீலியத்தைத் தொடும்போது நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் ஒட்டு மூலக்கூறுகள் முளைக்கின்றன. பிடிபட்ட வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழைந்து, அங்கிருக்கும் கொழுப்பை விழுங்கி, வீங்கிக் கிடக்கின்றன. நாளடைவில் அது ஒரு படிவாகிறது.

படிவு எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பல மாரடைப்புகள் படிவு மெல்ல வளர்ந்து குழாயை அடைப்பதால் வருவதில்லை, படிவு கிழிவதால் வருகின்றன. படிவின் மேல் நார்த்திசுவாலான மூடி ஒன்று உண்டு. காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையை நினைத்துக்கொள்ளுங்கள்: தடித்திருந்தால் டம்ளரைச் சாய்த்தாலும் தாங்கும், மெலிந்திருந்தால் ஊதினாலே கிழியும். அழற்சி அந்த மூடியை உள்ளிருந்து அரித்து மெலிய வைக்கிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. முடக்குவாதக்காரர்களின் படிவு அளவில் சிறியதாக இருந்தாலும் கிழியும் தன்மை கூடுதல் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அழற்சி என்பது உடன் நிற்கும் சாட்சியா, குற்றவாளியா என்று இதய மருத்துவர்கள் ரொம்ப நாள் சண்டை போட்டார்கள். 2017-இல் கேன்டோஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தபின் சண்டை ஓரளவு ஓய்ந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த, சி.ஆர்.பி. உயர்ந்திருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, இன்டர்லியூகின்-1 வகை ஒன்றை முடக்கும் ஊசி போட்டார்கள். கொலஸ்ட்ரால் துளியும் குறையவில்லை. ஆனால் 150 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்களுக்கு அடுத்த மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தன. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. அந்த ஊசி இதய நோய்க்கான மருந்தாகக் கடைக்கு வரவில்லை. ஆனாலும் கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கினாலே இதயத்துக்கு நல்லது நடக்கும் என்பது நிரூபணமாகிவிட்டது.

அடைப்பு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். இதயத்தைச் சுற்றிய உறை அழற்சியாகி நீர் கோத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் தெரியாமலே வந்து போகும். இதயம் வெளிப்பார்வைக்கு நன்றாகச் சுருங்கினாலும் சரியாக விரியாமல் செயலிழப்பு வரலாம். துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இவர்களுக்குக் கூடுதல் என்று டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. கால் சிரைகளில் இரத்தக்கட்டு வருவதும் அதிகம். இரத்தக்குழாய்ச் சுவரே அழற்சியாகிக் கால் புண், விரல் கறுத்தல் என்று வரும் வாஸ்குலைடிஸ் முன்பெல்லாம் பயமுறுத்திக்கொண்டிருந்தது. இப்போது நல்ல மருந்துகள் சீக்கிரமே கொடுக்கப்படுவதால் அரிதாகிவிட்டது.

இப்போது அக்காவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் நார்மல். நார்மல் என்றால் என்னுடையதைவிடக் குறைவு! அத்தான் காகிதத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டினார். "பாத்தியா, நெய் ஊத்தியே சாப்பிடலாம்." அந்தச் சமயம் அவளுக்கு நோய் முற்றிப்போய்க் கை மணிக்கட்டெல்லாம் வீங்கி, சி.ஆர்.பி. மேலே ஏறிக் கிடந்தது. அடுத்த முறை டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். "இது இப்ப நம்புற நம்பர் இல்லம்மா. வீக்கம் அடங்கட்டும், திரும்ப எடுப்போம்."

அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது இரத்தத்தில் எல்.டி.எல். அளவு குறைந்துபோகிறது. காய்ச்சல் வந்தவருக்கு எடை குறைவதைப் பார்த்து ஆரோக்கியம் என்று நாம் சொல்வதில்லையே! மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடக்குவாதக்காரர்களில் எல்.டி.எல். மிகக் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் இதய ஆபத்து கூடியிருந்தது. நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்.டி.எல்.லும் அழற்சிக் காலத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. அளவும் குறையலாம், குணமும் மாறிப்போயிருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நல்ல சிகிச்சை கொடுத்து வீக்கம் அடங்கியதும் கொலஸ்ட்ரால் எண் மேலே ஏறும். "இந்த மருந்து கொழுப்பை ஏத்திடுச்சு" என்று பயந்துபோய் மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டர்லியூகின்-6-ஐத் தடுக்கும் டோசிலிஸுமேப் ஊசியில் இந்த ஏற்றம் நன்றாகவே தெரியும். ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளை வைத்து அதை வேறொரு ஊசியோடு ஒப்பிட்டபோது, மாரடைப்பு, பக்கவாத எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஏறிய எண்ணுக்குத் தேவைப்பட்டால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை இருக்கிறது, அதற்காக அழற்சி மருந்தை விடக்கூடாது.

ஆபத்தைக் கணக்கிடும் அட்டவணைகளிலும் இதே சிக்கல்தான். வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் என்று போட்டால் பத்து வருஷத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு இவ்வளவு என்று ஒரு சதவீதம் வரும். பல அட்டவணைகள் முடக்குவாதத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதனால் ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்களின் கூட்டமைப்பு, வரும் விடையை 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. பிரிட்டனில் பயன்படும் க்யூரிஸ்க் கணக்கியில் முடக்குவாதம் உள்ளே சேர்க்கப்பட்டிருப்பதால் அங்கே பெருக்க வேண்டியதில்லை. குறைந்தது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கைப் போட வேண்டும், மருந்து பெரிதாக மாறும்போது மறுபடி போட வேண்டும் என்பதும் அவர்கள் பரிந்துரை. போடுவது யார் என்பதில்தான் தகராறு. மூட்டு டாக்டர் அது இதய டாக்டர் வேலை என்று நினைக்கிறார். இதய டாக்டரிடம் போக நெஞ்சு வலி வர வேண்டும்.

அந்த நெஞ்சு வலியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் ராச்செஸ்டரில் ஒரு வட்டாரத்து மக்களின் மருத்துவப் பதிவுகள் பல பத்தாண்டுகளாகச் சேகரிக்கப்பட்டிருக்கின்றன. 2005-இல் அவற்றைத் துழாவிப் பார்த்தபோது, முடக்குவாதம் உள்ளவர்கள் நெஞ்சு வலி என்று சொன்னது மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் ஓசைப்படாமல் வந்துபோன மாரடைப்பும் திடீர் மரணமும் அதிகம். முடக்குவாதம் என்று கண்டுபிடிப்பதற்கு முந்தைய இரண்டு வருஷங்களிலேயே மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தது மூன்று மடங்கு கூடுதலாக இருந்ததாம். மூட்டில் வீக்கம் தெரிவதற்கு முன்பே குழாய்க்குள் வேலை ஆரம்பித்திருக்கிறது என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் வலி தெரிவதில்லை? தினமும் உடம்பெல்லாம் வலிக்கிறவளுக்கு இன்னொரு வலி எடுபடாமல் போகலாம். வலி மாத்திரை மழுங்கடித்திருக்கலாம். நடந்தால்தானே மூச்சு வாங்குவது தெரியும், மூட்டு வலியால் நடையே குறைந்தவளுக்கு அந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. நம் வீடுகளில் இதற்கு மேல் ஒரு அடுக்கு உண்டு: வாயு. தோள்பட்டை இறுக்கமா, வாயுப் பிடிப்பு. மேல்வயிற்றில் எரிச்சலா, வாயு. தாடை வலியா, குளிர்ந்த காற்று. ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவோம். அதிலும் பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் சினிமாக் காட்சியாக வராமல் மூச்சுத் திணறல், வாந்தி, அசாதாரணக் களைப்பு என்று வருவது சகஜம். முடக்குவாதம் உள்ள பெண்ணுக்கு இப்படி ஏதாவது திடீரென்று வந்தால் ஓமத் தண்ணீருக்கு முன் ஈ.சி.ஜி. எடுப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2023-இல் ஆரம்பித்த 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து மேல்மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது உபயோகம்.

இனி மாத்திரை டப்பா. நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

அக்காவுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள், புதன்கிழமை, மெத்தோட்ரெக்ஸேட். மற்ற ஒன்றிரண்டு நாள் ஃபோலிக் அமிலம். இந்தப் புதன்கிழமை மாத்திரையை எங்கள் வீட்டில் ஒருவரும் மனதார விரும்பியதில்லை. கைபேசியில் தேடிப் பார்த்த அக்கா மகள், "சித்தி, இது கேன்சர் மாத்திரையாம்!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கொடுப்பதும் இதே மருந்துதான், ஆனால் அளவு வேறு, கொடுக்கும் முறை வேறு. "அத கொஞ்ச நாள் நிறுத்திட்டு முடக்கத்தான் கீரை தோசை போடேன்" என்று யோசனை சொல்லாத சொந்தக்காரர் இல்லை. தோசை நல்ல தோசை, அதில் எனக்கு மறுப்பில்லை. மாத்திரையையும் போட்டுக்கொண்டு சாப்பிடலாம்.

அதே அக்கா, வலி வந்தால் எதிர்க் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கச் சொல்லி ஆள் அனுப்புவாள். சீட்டு வேண்டாம், கேள்வி வேண்டாம். "அது வெறும் வலி மாத்திரைதானே." பிறகு ஒருநாள், உறவினர் ஒருவர் எங்கிருந்தோ வாங்கிவந்த பெயரில்லாப் பொடி. சாப்பிட்ட மூன்றாம் நாள் வீக்கம் மாயமாகி, முகம் பூரித்து, பசி எடுத்தது. இப்படிப் பெயரில்லாமல் வரும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். எங்கள் டாக்டர் அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: "என்ன பொடி சாப்பிட்டீங்க?"

வலி மாத்திரையின் கதை பெரியது. வயிற்றைப் புண்ணாக்காத வலி மருந்து என்று ஆரவாரமாக வந்தது ரோஃபெகாக்சிப், வயாக்ஸ் என்ற பெயரில். 2000-இல் வெளியான அதன் முக்கியமான ஆய்வு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளை வைத்தே நடந்தது. நேப்ராக்சன் என்ற வேறொரு வலி மருந்தைச் சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு பல மடங்கு கூடியது. நேப்ராக்சன்தான் இதயத்தைக் காத்திருக்கும் என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் நிற்கவில்லை. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் நிறுவனம் உலகம் முழுக்க அந்த மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டைக்ளோஃபெனாக் இன்னும் கடையில் இருக்கிறது. இதய அடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் சொல்லிவிட்டது. நம் நாட்டில், அந்த மருந்து கொடுக்கப்பட்டுச் செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கொத்துக் கொத்தாகச் செத்ததால், 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதைத் தடை செய்தார்கள். மாட்டுக்குக் கிடைக்காத மாத்திரை மாட்டுக்காரருக்கு எளிதாகக் கிடைக்கிறது. வலி மாத்திரையே கூடாது என்று சொல்ல வரவில்லை. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தெரிந்த டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டீராய்டும் அப்படித்தான். 1948-இல் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாக கார்டிசோன் ஊசி போட்டார். படுக்கையில் கிடந்த பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசு. அதன் பக்கவிளைவுகளையும் ஹென்ச் சீக்கிரமே பார்த்துவிட்டார். பிரஷர், சர்க்கரை, தொப்பை, கொழுப்பு எல்லாவற்றையும் ஏற்றிவிடும். அளவும் நாளும் கூடக் கூட இதய ஆபத்தும் கூடும். நோய் முற்றியிருக்கும்போது பாலம் போலக் கொஞ்ச காலம் கொடுத்து, முடிந்தவரை சீக்கிரம் குறைத்து நிறுத்துவதுதான் இன்றைய வழக்கம். ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து, உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும்.

மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு வருவோம். கேன்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் 1,240 முடக்குவாத நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2002-இல் வெளியானது. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டவர்களிடம் இதய, இரத்தக்குழாய் மரணம் 70 சதவீதம் குறைவாக இருந்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை அது, அதனால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பலன் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் நின்றது. அதுவே சின்ன விஷயமில்லை.

அப்படியானால் எல்லா இதய நோயாளிக்கும் இதைக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள். சர்ட் என்ற ஆய்வில், முடக்குவாதம் இல்லாத, இதய நோயுள்ள நாலாயிரத்துச் சொச்சம் பேருக்குக் குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட். ஒரு பலனும் இல்லை. அவர்களுடைய சி.ஆர்.பி.யும் குறையவில்லை. எனக்கு இந்தத் தோல்விதான் இருப்பதிலேயே தெளிவான பாடமாகப் பட்டது. அந்த மாத்திரைக்கு இதயத்தின்மேல் தனிப்பட்ட பாசம் கிடையாது. அக்காவின் மூட்டில் எரிவதை அணைக்கிறது, அதனால் குழாய்க்குப் போகும் புகை குறைகிறது.

விலை உயர்ந்த ஊசிகளின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. டி.என்.எஃப்.ஐத் தடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று லண்டனில் கண்டுபிடித்த இருவரில் ஒருவர், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி, மற்றவர் மார்க் ஃபெல்ட்மன். 1992-இல் முதல் நோயாளிகளுக்குப் போட்டார்கள். ஊசி நன்றாகக் கேட்டவர்களுக்கு மாரடைப்பு குறைந்ததை பிரிட்டன் பதிவேடு காட்டியது. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மட்டும் இது ஆகாது. எல்லாருக்கும் இந்த ஊசி கட்டுப்படியாகுமா? 2023-இல் வெளியான டார்கெட் ஆய்வு இதில் ஒரு நல்ல செய்தி சொன்னது. ஒரு கூட்டத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டோடு டி.என்.எஃப். ஊசி, இன்னொரு கூட்டத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டோடு சல்ஃபாசலசீனும் ஹைட்ராக்சிக்குளோரோகுயினும். பெட் ஸ்கேனில் பெரிய தமனிகளின் சுவரில் உள்ள அழற்சியை அளந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் குறைந்தது, ஏறத்தாழ ஒரே அளவு. மலிவான மூன்று மாத்திரைகள், விலையேறிய ஊசிக்குச் சளைக்கவில்லை.

புதிதாக வந்த மாத்திரைகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டோஃபாசிட்டினிப். இந்தியாவில் பல நிறுவனங்கள் தயாரிப்பதால் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேல், ஒரு இதய ஆபத்துக் காரணியாவது உள்ள 4,362 பேரை வைத்து டி.என்.எஃப். ஊசியோடு ஒப்பிட்டபோது, பெரிய இதய நிகழ்வுகள் ஊசிக் கூட்டத்தில் 2.5 சதவீதம், டோஃபாசிட்டினிப் கூட்டத்தில் 3.4 சதவீதம். 2021-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்த மருந்தின் கட்டம் போட்ட எச்சரிக்கையில் இதய ஆபத்தையும் சேர்த்தது. இளவயதில், புகைப்பழக்கமோ இதய நோயோ இல்லாதவர்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் "எனக்கு பிரஷர் இருக்கு, அப்பாவுக்கு அட்டாக் வந்தது" என்பதை டாக்டரிடம் சொல்லாமல் அந்த மாத்திரையைத் தொடங்கக்கூடாது.

இந்த நோயும் இதயமும் ஒரே ஆளின் கையில் சந்தித்த விசித்திரம் ஒன்று உண்டு. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்த கிறிஸ்டியான் பர்னார்டுக்கு முடக்குவாதம் இருந்தது. 1956-இல் அமெரிக்காவில் பயிற்சியில் இருந்தபோதே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த விரல்களோடுதான் அத்தனை இதயங்களைத் தைத்தார். 1983-இல் கைகள் ஒத்துழைக்காமல் கத்தியைக் கீழே வைத்தார். 2001-இல் சைப்ரஸில் இறந்தபோது மாரடைப்பு என்றுதான் செய்திகள் வந்தன. பிரேதப் பரிசோதனையில் ஆஸ்துமா என்று தெரிந்தது. அக்காவிடம் சொன்னேன். "பாத்தியா, என்னால பூ கட்ட முடியலன்னு அழுதேன்ல. அவரு இருதயத்தையே தச்சிருக்காரு," என்றாள்.

மெத்தோட்ரெக்ஸேட்டைப் புகழ்ந்ததால் அதன் விதிகளையும் சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மட்டும். தினமும் சாப்பிட்டுவிட்டு இரத்த அணுக்கள் சரிந்து உயிரே போனவர்கள் உண்டு. அதனால்தான் கிழமையைச் சீட்டில் எழுதி வாங்கி, காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறோம். ஈரல், இரத்த அணுக்கள், சிறுநீரகம் மூன்றுக்கும் அவ்வப்போது பரிசோதனை. குடி ஆகாது. கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது முடக்குவாதத்தையும் வரவழைக்கும், மாரடைப்பையும் வரவழைக்கும். அக்கா புகைப்பதில்லை. அத்தான் வராந்தாவில் புகைத்துக்கொண்டிருந்தார், இப்போது தெருமுனைக்குத் துரத்தப்பட்டிருக்கிறார். எடை விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முடக்குவாதம் தசையைக் கரைத்துக் கொழுப்பைச் சேர்க்கும், அதனால் தராசில் எடை அப்படியே நிற்கும். அக்கா கல்யாணத்தில் இருந்த அதே எடை என்று பெருமைப்படுவாள். டாக்டர் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றச் சொன்னது அதற்காகத்தான்.

மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டு சி.ஆர்.பி. இறங்கியபின் கொலஸ்ட்ராலை மறுபடி எடுத்தோம். எதிர்பார்த்த மாதிரியே ஏறியிருந்தது. கணக்கைப் போட்டு, ஒன்றரையால் பெருக்கி, இரவில் ஒரு ஸ்டேடின் சேர்த்திருக்கிறார் டாக்டர். வீட்டுக்கு பிரஷர் அளக்க வருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம், அத்தானுடைய அட்டையோடு அக்காவுக்கும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

இப்போது நடக்கும் தகராறு நடைப்பயிற்சி பற்றி. காலையில் விறைப்பு இருப்பதால் அவளால் எழுந்ததும் நடக்க முடியாது. சாயங்காலம் நடந்தாலும் அதே பலன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதில் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பெருமாள் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதை நடைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறாள். வெறுங்காலோடு கருங்கல்லில் நடந்தால் முன்பாத மூட்டுகள் மறுநாள் வீங்கிக்கொள்கின்றன. "பெருமாள் கால காப்பாத்த மாட்டாரா?" என்கிறாள். இப்போதைக்கு மூன்று சுற்று கோயிலில், மீதி மொட்டை மாடியில் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்போடு என்று பேசி முடித்திருக்கிறோம். மூன்று ஐந்தாகிறதா என்று அத்தான் கூடவே போய் எண்ணுகிறார், அவருக்கும் நடக்கச் சொல்லித்தான் சீட்டு எழுதியிருக்கிறது.